பின்னாடி போய் நில்லு

அந்தப் பல் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரும் இருக்கிறார். கை பதமானவர், கைராசிக்காரர், எல்லாம் சரி. ஆனால் வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணாடிக் கதவைத் தள்ளி உள்ளே வருகிறவர்கள் முதலில் பயப்படுவது அவருக்கோ அவருடைய ஊசிக்கோ இல்லை. கதவை ஒட்டிய மேசைக்குப் பின்னால், நீலக் கம்பளிச் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் டோக்கன் அக்காவுக்குத்தான் பயப்படுவார்கள்.

அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. சம்பளச் சீட்டில் மட்டும் அது வரும். மற்றபடி ஊருக்கே டோக்கன் அக்கா. அவளைவிட இருபது வயது மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். மேசை மேல் ஒரு ஆணிப் பலகை, அதில் எண் போட்ட மஞ்சள் வில்லைகள். வந்தவருக்கு ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டு, சுவரோரம் இருக்கிற இரும்பு பெஞ்சைக் கண்ணாலேயே காட்டுவாள். அதற்குப் பிறகு தலைகீழாக நின்றாலும் எண் மாறாது. ரத்தம் கொட்டினால் மட்டும் விதிவிலக்கு உண்டு, அதையும் டாக்டர் தன் வாயால் சொல்ல வேண்டும். ஒருமுறை அந்தக் கட்டடத்தின் சொந்தக்காரரே கடைவாயைப் பிடித்துக்கொண்டு வந்து, தான் யார் என்று விவரமாக எடுத்துச் சொன்னார். அக்கா பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். கடைசியில் பதினொன்றாம் எண்ணைக் கையில் கொடுத்து, "பின்னாடி போய் உக்காருங்க" என்றாள். அடுத்த மாதம் வாடகை ஏறும் என்று டாக்டர் நடுங்கிக்கொண்டிருந்தார், நல்லவேளை, ஏறவில்லை.

பிறத்தியாரிடம்தான் இந்தக் கறார் என்று நினைத்துவிட வேண்டாம். அவளுடைய கடைவாய்ப் பல்லே ஒருநாள் குடைய ஆரம்பித்தபோது, அன்றைய கடைசி வில்லையைத் தானே தனக்குக் கொடுத்துக்கொண்டாள். வலி உயிர் போக, ஒவ்வொருவராகக் கூப்பிட்டு உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தாள். எல்லாரும் போன பிறகு தன் எண்ணையும் உரக்கக் கூப்பிட்டாள். கூப்பிட்டுவிட்டு எழுந்து உள்ளே போனாள். டாக்டர் இந்தக் கதையைச் சொல்லாத ஆள் கிடையாது.

அவள் கணவரிடம் இதைவிட நல்ல கதை ஒன்று இருக்கிறது. இவர்கள் பதிவுத் திருமணம் செய்துகொள்ளப் போன அன்று, இவர்களுக்கு முந்தின ஜோடி வந்து சேரவில்லை. பதிவாளர் இவர்களை முதலில் கூப்பிட்டார். மணப்பெண் எழுந்திருக்க மாட்டேன் என்றுவிட்டாள். அவங்க வரட்டும், அவங்க இடம் அது என்று சொல்லி, மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்தாள். அந்த ஜோடிக்குள் அன்று காலையில்தான் சண்டை வந்து பிரிந்துபோயிருந்தார்கள் என்பது மதியத்துக்கு மேல்தான் தெரிந்தது. "எங்க கல்யாணமே யாரோ ரெண்டு பேர் சேருவாங்களா மாட்டாங்களான்னு காத்துக்கிட்டு இருந்துச்சு" என்று அவர் சொல்லும்போது அக்கா முறைப்பாள். முறைப்பில் வெட்கமும் கொஞ்சம் இருக்கும்.

இப்படி ஊரே சிரிக்கிற ஒரு குணத்துக்கு, சிரிக்க முடியாத பக்கம் ஒன்றும் இருந்தது. அந்தப் பக்கத்தில் அவளுடைய தங்கை நின்றுகொண்டிருந்தாள்.

இரண்டு பேரும் கல்யாணத்துக்கு முன்னால் ஒரே அறையில், ஒரே கட்டிலில் படுத்து வளர்ந்தவர்கள். ஒரே ஒரு பாடகிக்குத்தான் இரண்டு பேரும் பைத்தியம். ரேடியோவில் அவர் குரல் வந்தால் அடுப்பில் என்ன தீய்ந்தாலும் தீயட்டும் என்று உட்கார்ந்துவிடுவார்கள். மேல் குரல் தங்கைக்கு, கீழ்க் குரல் அக்காவுக்கு என்று பிரித்துக்கொண்டு பாடுவார்கள். பக்கத்து வீட்டார் சுவரைத் தட்டுவார்கள். அந்தப் பாடகி முதல்முறையாக இவர்கள் ஊருக்கு வருகிறார் என்று சுவரொட்டி ஒட்டியபோது இரண்டு பேருக்கும் சோறு இறங்கவில்லை.

அந்தக் காலத்தில் டிக்கெட் என்றால் கடையில் போய் நின்று வாங்க வேண்டும். ஒரு இசைக்கருவிக் கடையின் பக்கவாட்டு ஜன்னலில் விற்றார்கள். அக்கா விடிவதற்கு முன்பே போய் நின்றாள். தங்கை அப்போது ஒரு சலவை நிலையத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள், காலை ஷிஃப்டை முடிக்காமல் வர முடியாது. முடித்துவிட்டு, ஈரக் கையோடு ஓடி வந்தபோது அக்கா ஜன்னலுக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் வரிசை கடையைச் சுற்றி, தெருவைச் சுற்றிப் போயிருந்தது. தங்கை மூச்சு வாங்கிக்கொண்டே, "அக்கா, உன்னோட சேத்து எனக்கும் ஒண்ணு வாங்கிடு" என்றாள்.

உலகத்தில் எந்த அக்காவும் வாங்கியிருப்பாள். இவள் திரும்பிப் பின்னால் நிற்பவர்களைப் பார்த்தாள். எல்லாரும் விடியலில் இருந்து நிற்கிறவர்கள், சிலர் குழந்தையோடு. "எல்லாரும் நிக்கிறாங்கல்ல? பின்னாடி போய் நில்லு" என்றாள்.

விளையாட்டுக்குச் சொல்கிறாளா என்று தங்கை அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாளாம். பிறகு போய்க் கடைசியில் நின்றாள். அவளுக்கு முன்னால் பத்துப் பதினைந்து பேர் இருக்கும்போது ஜன்னலைச் சாத்திவிட்டார்கள்.

அக்கா தனியாகக் கச்சேரிக்குப் போனாள். போகாமலாவது இருந்திருக்கலாம், அவளுக்கு அந்தச் சமர்த்தும் கிடையாது. வாங்கிய டிக்கெட்டை வீணாக்குவதும் தப்பு என்று ஒரு நியாயம் வைத்திருந்தாள். பாடகி பாடினார், கூட்டம் கூடவே பாடியது, இவள் கீழ்க் குரலை மட்டும் பிடித்துக்கொண்டு நடு அரங்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மேல் குரல் பாட ஆள் இல்லை. வீட்டுக்கு வந்தபோது தங்கை தூங்குவதுபோல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

தங்கை சண்டை போட்டிருந்தால் எப்போதோ தீர்ந்திருக்கும். அவள் சண்டை போடவில்லை. அதற்குப் பதிலாக ஒரே ஒரு வாக்கியத்தை எடுத்து வைத்துக்கொண்டாள். குடும்பத்தோடு ஃபோட்டோ எடுக்க நின்றால், "பரவால்லக்கா, நான் பின்னாடியே நிக்கிறேன்." விருந்தில் தட்டோடு நின்றால், "நீ மொதல்ல போட்டுக்கக்கா, நான் பின்னாடி நிக்கிறேன்." சிரித்த முகமாகத்தான் சொல்வாள். கேட்டவர்களும் சிரிப்பார்கள். ஒருதரம் அப்பா நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ஒவ்வொருவராகத்தான் உள்ளே விடுவோம் என்றார்கள். அங்கேயும் தங்கை கதவுக்குப் பக்கத்தில் ஒதுங்கி, "நீ போக்கா, நான் பின்னாடி நிக்கிறேன்" என்றாள். அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை. அப்பா பிழைத்து வீட்டுக்கு வந்தார். அந்த வாக்கியமும் கூடவே பிழைத்து வந்தது.

தான் செய்தது நியாயம் என்றுதான் அக்கா இன்றுவரை நினைக்கிறாள். நியாயம்தான் என்றால் ஏன் இப்படி வலிக்கிறது என்பதுதான் அவளுக்குப் புரியவில்லை.

இந்த நிலைமையில்தான் அந்தப் பாடகி, வயதாகிவிட்டது, இதோடு மேடைக்குக் கும்பிடு போடுகிறேன் என்று அறிவித்தார். கடைசிச் சுற்றில் இவர்கள் ஊரும் இருந்தது, விளையாட்டரங்கத்தில், ஒரே ஒரு நாள். அறிவிப்பு வந்த அன்றே ஊர் கொதிக்க ஆரம்பித்துவிட்டது. பாங்க் அட்டை வைத்திருப்பவர்களுக்கு முன்விற்பனை என்றார்கள், கண்ணை மூடித் திறப்பதற்குள் தீர்ந்தது என்றார்கள். தங்கையின் கணவர் வேறு எதற்கோ ஃபோன் செய்தபோது, அந்த முன்விற்பனையில் தங்கை உட்கார்ந்து பார்த்ததையும் கிடைக்காததையும் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார். அன்று சாயங்காலம் அக்கா ஒரு முடிவுக்கு வந்தாள். இரண்டு டிக்கெட் வாங்க வேண்டும், பக்கத்துப் பக்கத்து இருக்கை. ஒன்றைத் தங்கை கையில் கொடுக்க வேண்டும். இதற்கு மேல் அந்த வாக்கியத்தைக் கேட்க அவளால் ஆகாது.

பொது விற்பனை ஒரு வேலை நாளில், காலை நேரத்தில். லீவு போடலாம்தான். நோயாளிகள் இருக்கும்போது எப்படி லீவு போடுவது? டாக்டரிடம் போய், மேசைக் கம்ப்யூட்டரில் டிக்கெட் பக்கத்தையும் திறந்து வைத்துக்கொள்ளலாமா என்று அனுமதி கேட்டாள். தாராளமாக என்றார் டாக்டர். "அப்படின்னா எனக்கும் ரெண்டு..." என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, தனக்கும் ரெண்டு மூன்று வேலை இருக்கிறது என்று உள்ளே போய்விட்டார்.

விற்பனை திறந்தது. திரையில் ஒரு கோடு, கோட்டின் இடது ஓரத்தில் ஒரு குட்டிப் பச்சை மனிதன். உங்களுக்கு முன்னால் இத்தனை ஆயிரம் பேர் இருக்கிறார்கள், உங்கள் முறை வரும்வரை இந்தப் பக்கத்தைப் புதுப்பிக்க வேண்டாம், புதுப்பித்தால் உங்கள் இடம் போய்விடும் என்று கீழே எழுதியிருந்தது. ஆயிரக்கணக்கைப் பார்த்து மற்றவர்கள் தலையில் கை வைத்திருப்பார்கள். அக்காவுக்கோ மனசு நிறைந்துபோயிற்று. யாரும் யாரையும் இடிக்க முடியாது, இடையில் நுழைய முடியாது, நான் யார் தெரியுமா என்று கேட்க முடியாது. இப்படி ஒரு வரிசையைத்தான் அவள் வாழ்நாள் முழுக்கத் தேடிக்கொண்டிருந்தாள். பச்சை மனிதன் தன்பாட்டுக்கு நகர்ந்தான்.

கோளாறு பெஞ்சில் இருந்து ஆரம்பித்தது. அவள் ஐந்தாம் எண்ணைக் கூப்பிட்டாள். யாரும் எழுந்திருக்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள். மூலையில் இருந்த ஒரு பெண்மணி ஃபோனில் இருந்து தலையைத் தூக்காமலே, ஆறு போகட்டும் என்றாள். ஆறாம் எண்காரர் பதறிப்போய், ஐயோ வேண்டாம், எனக்கு வலி அவ்வளவு இல்லை, ஏழு போகட்டும் என்றார். ஏழாம் எண் எட்டைக் கைகாட்டியது. அக்கா எழுந்து பார்த்தாள். பெஞ்சில் இருந்த அத்தனை பேர் கையிலும் ஃபோன், அத்தனை ஃபோனிலும் அதே கோடு, அதே பச்சை மனிதன். உள்ளே போய் வாயைத் திறந்தால் பச்சை மனிதன் போய்ச் சேர்ந்துவிடுவான், முறை வந்து கடந்துவிடும். வீங்கிய கன்னமும் ஒத்தடமுமாக உட்கார்ந்திருந்த ஒரு கூட்டம், நீங்க போங்க, இல்லை நீங்க போங்க என்று ஒருவருக்கொருவர் உபசரித்துக்கொண்டிருந்தது. எத்தனையோ வருஷமாக முந்துகிறவர்களைப் பின்னால் தள்ளிப் பழகியவளுக்கு, பிந்துகிறவர்களை முன்னால் தள்ளுவது எப்படி என்று தெரியவில்லை. டாக்டர் கையுறையோடு வெளியே வந்து எட்டிப் பார்த்தார். யாரும் அவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பாவம், இப்படி ஒரு அவமானம் அவருக்கு நேர்ந்ததே கிடையாது.

அந்தக் குழப்பத்தில்தான் மேசை ஃபோன் அடித்தது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் ஒரு சோம்பேறி. உள்ளே டாக்டர் ஒரு நோயாளியை முடித்துவிட்டதாகக் குறித்தாலும், வெளியே இருக்கிற திரையில் அது தானாகத் தெரியாது. கீபோர்டின் மேல் வரிசையில் ஒரு பொத்தானை அழுத்திப் பக்கத்தைப் புதுப்பித்தால்தான் தெரியும். ஃபோன் அடித்தால் இடது கை ஃபோனை எடுக்கும், வலது கை ஆள்காட்டி விரல் அந்தப் பொத்தானை அழுத்தும். வருஷக்கணக்கில் அழுத்தி அழுத்தி அந்தப் பொத்தானில் இருந்த எழுத்தே தேய்ந்துபோயிருந்தது. அதற்கு அக்கா யோசிக்க வேண்டியதே இல்லை, விரலுக்கே வழி தெரியும்.

ஃபோன் அடித்தது. இடது கை எடுத்தது. வலது கை விரல் அழுத்தியது.

திரை வெள்ளையாகப் போயிற்று. திரும்பி வந்தபோது, முக்கால் கோட்டைத் தாண்டியிருந்த பச்சை மனிதன் இடது ஓரத்தில் போய் நின்றுகொண்டிருந்தான். முன்னால் இருப்பவர்களின் எண்ணிக்கை, அந்த அரங்கத்தைப் போல மூன்று அரங்கம் கட்டினாலும் கொள்ளாது. யாரும் சொல்லாமல், தன் விரலாலேயே, டோக்கன் அக்கா தன்னைப் பின்னாடி போய் நிற்கச் சொல்லிவிட்டாள்.

ஃபோனில் யாரோ வியாழக்கிழமை கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் வியாழக்கிழமை கொடுத்தாள். சாயங்காலம் வேண்டும் என்றார்கள், சாயங்காலமும் கொடுத்தாள். வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ஈயாடவில்லை. போயிற்று, இனிமேல் அந்தப் பாடகி வரப்போவதில்லை. ஃபோட்டோ எடுக்கும்போதெல்லாம் தங்கை பின்னாடி நிற்கத்தான் போகிறாள்.

அப்போது மேசைக்கு எதிரே ஒரு பெரிய உருவம் வந்து நின்றது. கார் பட்டறைக்காரர். ஒரு கன்னம் மட்டும் தனியாக வளர்ந்து நின்றது. போன வருஷம் கொஞ்சம் தாமதமாக வந்தார் என்பதற்காக அக்கா இவருடைய வில்லையைப் பிடுங்கிக் கடைசி எண்ணைக் கொடுத்தவள். அன்று முழுக்க அவர் வாசலில் நின்று அவளைத் திட்டிக்கொண்டிருந்தார். இப்போது அவருடைய முறை. மற்றவர்களைப் போல விட்டுக்கொடுக்க அவரால் முடியாது, வலி மண்டைக்கு ஏறியிருந்தது. ஆனால் அவர் கையில் இருந்த ஃபோனில் பச்சை மனிதன் கோட்டின் வலது ஓரத்துக்குக் கிட்டத்தட்ட வந்தேவிட்டான்.

அவர் ஃபோனை மேசை மேல் வைத்தார். வீங்கிய வாயில் இருந்து வார்த்தைகள் குழைந்து குழைந்து வந்தன. வீட்டுக்காரி, மகள், நான், மூன்று டிக்கெட், அட்டை விவரமெல்லாம் உள்ளே போட்டு வைத்திருக்கிறேன், முறை வந்ததும் அழுத்தினால் போதும் என்று புரியவைத்தார். ஏன் பெஞ்சில் யாரிடமாவது கொடுக்கவில்லை என்று அக்கா கேட்டாள்.

"அவங்க எல்லாரும் அவங்களுக்கு வாங்கிக்குவாங்க" என்றார் அவர். "கியூவுல ஏமாத்தாத ஒரே ஆளு நீங்கதான்."

அக்கா ஃபோனைக் கையில் எடுத்தாள். ஒருவருக்கு நான்கு டிக்கெட் வரை வாங்கலாம் என்று ஓரத்தில் எழுதியிருந்தது. இவருக்கு மூன்று போதும். மீதி ஒன்று.

பேசாமல் நான்கு என்று அழுத்தியிருக்கலாம், அவர் கோபித்துக்கொள்ளவும் மாட்டார். ஆனால் சொல்லாமல் வாங்கினால் அது திருட்டு, கேட்டு வாங்கினால் இடையில் நுழைவது. இரண்டையும் அவள் செய்ததில்லை. பின்னால் எத்தனை ஆயிரம் பேர் பச்சை மனிதர்களாக நின்றுகொண்டிருக்கிறார்கள் என்று நினைத்துப் பார்த்தாள். பிறகு ஈரக் கையோடு மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற ஒருத்தியை நினைத்தாள். பட்டறைக்காரர் டாக்டர் அறைக் கதவில் கை வைத்துவிட்டார்.

"அண்ணே" என்றாள்.

அவர் திரும்பினார். பெஞ்சும் திரும்பியது. அந்த அறையில் அவள் குரல் எப்போதும் ஒரே சுதியில்தான் வரும், இது வேறு சுதி.

"உங்களோட சேத்து எனக்கும் ஒண்ணு வாங்கிக்கட்டுமா?"

ஐந்தாம் எண்காரி ஃபோனை மடியில் வைத்தாள். ஏழாம் எண்காரர் வாயைத் திறந்தபடி இருந்தார், டாக்டருக்கு வசதியாக. அந்த பெஞ்சில் அவளிடம் ஒரு தடவையாவது வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர் யாருமே இல்லை. கடைசியில் ஆறாம் எண்காரர், ரொம்பப் பணிவாக, "பின்னாடி போய் நிக்கணும்லக்கா?" என்றார்.

சிரிப்பு கிளம்பியது. வலியில் சிரிக்க முடியாமல் ஆளாளுக்குக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அக்காவுக்குக் காது நுனிவரை சிவந்துவிட்டது. ஆனாலும் ஃபோனைக் கீழே வைக்கவில்லை. நிக்கணும்தான், ஒத்துக்கிறேன் என்றாள். அன்றைக்கு என் தங்கச்சி இதையேதான் என்னிடம் கேட்டாள், நான் பின்னாடி போகச் சொன்னேன், அவளுக்குக் கிடைக்கவில்லை, இது அவளுக்குத்தான் என்று அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டாள். சொல்லும்போது குரல் கொஞ்சம் உடைந்தது. சிரிப்பு அடங்கிப்போயிற்று.

பட்டறைக்காரர் சிரித்திருக்கவில்லை, அவருக்குக் கன்னம் இடம் கொடுக்கவில்லை. கையை மட்டும் தூக்கி, "வாங்கிக்கம்மா" என்றுவிட்டு உள்ளே போனார்.

பச்சை மனிதன் போய்ச் சேர்ந்தான். வலது கை ஆள்காட்டி விரலை அவள் நம்பவில்லை. அதை மடக்கி அக்குளுக்குள் வைத்துக்கொண்டு, இடது கையால் ஒவ்வொன்றாக அழுத்தினாள். மூன்று இருக்கைகள் சேர்ந்தாற்போல் வந்தன, நான்காவது எங்கேயோ மேலே, தூணுக்குப் பக்கத்தில், தனியாக வந்தது. அவள் பணம் கட்டும் பொத்தானை அழுத்தினாள். வாங்கியாயிற்று என்று ஃபோன் சொன்னதும், பெஞ்சில் இருந்து யாரோ கை தட்டினார்கள். அதற்குள் ஐந்தாம் எண்காரியின் திரையில் எல்லாம் விற்றுத் தீர்ந்தது என்று வந்துவிட்டது. அவள் பெருமூச்சு விட்டுக்கொண்டு எழுந்து, டாக்டர் கூப்பிடுவதற்காகக் கதவுக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

மதியம் அக்கா தங்கைக்கு ஃபோன் செய்தாள். டிக்கெட் ஒன்று இருக்கிறது, உனக்குத்தான் என்றாள். தங்கைக்கு நம்பிக்கை வரவில்லை. எல்லாம் தீர்ந்துவிட்டதே, எப்படிக் கிடைத்தது என்று கேட்டாள். அக்கா பொய் சொல்லிப் பழகாதவள், நடந்ததை நடந்தபடி சொன்னாள்.

"எல்லார் முன்னாடியுமா கேட்ட?"

"ஆமா."

"என்னன்னு கேட்ட? அப்படியே சொல்லு."

அக்கா அப்படியே சொன்னாள். அந்த வாக்கியம் தன்னுடையதுதான் என்று தங்கைக்குத் தெரியாமல் இருக்குமா? சரி, வைக்கிறேன் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். சந்தோஷமா, கோபமா என்று அக்காவுக்குப் பிடிபடவில்லை. அன்று மீதி நோயாளிகள் எல்லாருக்கும், அவர்கள் கேட்காமலே, அவள் தண்ணீர் கொடுத்ததாகச் சொல்கிறார்கள்.

கச்சேரி நாள் வந்தது. வாசல்வரைக்கும் கூட வா என்று தங்கை சொன்னதால் அக்காவும் போனாள். வெயில் இன்னும் சாயவில்லை, அதற்குள் அரங்கத்தின் மதிலைச் சுற்றி வரிசை பாம்பாக வளைந்து கிடந்தது. தங்கை வரிசையில் நின்றாள். அக்கா கயிற்றுக்கு வெளியே, வெயிலில், கைப்பையைப் பிடித்தபடி கூடவே நகர்ந்தாள். டிக்கெட் இல்லாதவள் எந்த முகத்தோடு வரிசையில் நிற்பது? தங்கை இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள், கேட்கவில்லை. மூன்றாம் முறை கயிற்றைத் தூக்கி, மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டாள்.

பின்னால் நின்றவர் சும்மா இருப்பாரா? தன் வேலையை ஒழுங்காகச் செய்கிற மனுஷன்போல. "என்னம்மா, நடுவுல வர்றீங்க? பின்னாடி போய் நில்லுங்க" என்றார்.

அவர் சொல்வதுதான் நியாயம் என்று அக்காவுக்கு உடனே தோன்றிவிட்டது. மன்னிப்புக் கேட்கத் திரும்பி, கயிற்றுக்குக் கீழே குனியவும் குனிந்துவிட்டாள். மணிக்கட்டில் இருந்த பிடி விடவில்லை.

"இவங்க என் அக்கா" என்றாள் தங்கை அந்த ஆளிடம். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. "என்கூடத்தான் நிக்கிறாங்க."

இவ்வளவுதான் விஷயம். அன்றைக்கு அந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் தான் சொல்லாமல் விட்டது இவ்வளவுதான் என்று அக்காவுக்கு அப்போதுதான் தெரிந்தது. கண் நிறைந்துவிட்டது, துடைக்கக் கை இல்லை, ஒன்றில் கைப்பை, ஒன்றைத் தங்கை வைத்திருந்தாள். உள்ளே யாரோ வாத்தியத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். தங்கை அந்தப் பழைய பாட்டின் மேல் குரலை மெதுவாக முனக ஆரம்பித்தாள். அக்கா கீழ்க் குரலைப் பிடித்துக்கொண்டாள். பின்னால் நின்றவர் இனி இவர்களிடம் பேசிப் பயனில்லை என்று வேறு பக்கம் பார்த்தார்.

வரிசை நகர்ந்தது. கதவு கிட்டே வந்துகொண்டிருந்தது, கதவோடு தங்கை போய்விடுவாள். இந்த வரிசை நகராமல் இப்படியே நின்றுவிட்டால் தேவலை என்று டோக்கன் அக்கா தன் வாழ்க்கையில் முதல்முறையாக நினைத்தாள்.